தன் முகம் தேடச் சொன்ன ஆசிரியர்

கோவையில் பிறந்த ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்க்கை

கண்ணாடியில் முகம் பார்க்காதவர் யார்? பள்ளிக்குப் புறப்படும் சிறுமி பொட்டு வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். வேலைக்குப் போகும் தந்தை தலை வாரிக்கொள்ளப் பார்க்கிறார். நரைத்த மீசையை நீவிக்கொண்டு தாத்தா பார்க்கிறார்.

ஆனால், ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, அந்த முகத்தை வரையும்படி சொன்னால் எல்லாரும் திருதிருவென்று விழிப்பார்கள். தினந்தோறும் பார்த்த முகந்தான். வரைய உட்காரும்போது அது தெரியாத முகமாகிவிடுகிறது!

தன் முகம் எது? அதைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்தக் கேள்வியை ஓர் ஓவியர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். தம்மிடம் படித்த மாணவர்களையும் கேட்க வைத்தார். சென்னை ஓவியத்துக்கு இந்திய நாட்டில் தனிப் பெயர் கிடைத்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அவர்தான் கே. சி. எஸ். பணிக்கர். அவர் பிறந்த ஊர் கோயம்புத்தூர்.

கணவாய்க்கு இரு புறமும்

1911-ம் ஆண்டு மே 30-ந் தேதி பணிக்கர் பிறந்தார். அன்றைய கோவை சிறிய நகரம். நூற்பாலைகள் ஒன்றிரண்டு எழும்பியிருந்தன. ஊரைத் தாண்டினால் பருத்திக் காடு, சோளக் காடு. மாடுகள் கவலை இழுக்கும் கிணறுகள். மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் மலைத்தொடர்.

அந்த மலைத்தொடரின் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கணவாயைத் தாண்டினால் மலபார். அந்தக் காலத்தில் கோவையும் மலபாரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதுதான் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்பே கணவாய் வழியாக இரு பக்கத்து மக்களும் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பணிக்கரின் குடும்பமும் மலபாரைச் சேர்ந்ததே. சிறுவன் சங்கரனுக்கு மலபார்க் கிராமத்தின் பசுமை மனத்தில் ஒட்டிக்கொண்டது. நீரும் வயலும் தென்னையும் அவன் கண்ணை விட்டு அகலவில்லை. 12 வயதில் அவன் இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டத் தொடங்கினான். 17 வயதில் அவனுடைய ஓவியங்கள் சென்னையில் நடந்த கண்காட்சியில் இடம் பெற்றன.

தந்தி அடித்த கை

இவ்வளவு திறமை உள்ள பிள்ளை நேராக ஓவியப் பள்ளிக்குப் போயிருப்பான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை.

ஓவியம் அழகானது. ஆனால் அது அடுப்பை எரிய வைக்குமா? குடும்பப் பொறுப்பு உள்ள எந்த இளைஞனுக்கும் இந்தக் கேள்வி வரும். பணிக்கருக்கும் வந்தது. அவர் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். தூரிகை பிடித்த கை தந்திக் கருவியைத் தட்டியது.

சில ஆண்டுகள் போயின. சம்பளம் வந்தது, மனம் நிறையவில்லை. கடைசியில் அவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். நிலையான வேலையை விட்டுவிட்டு, வயது இருபதைக் கடந்த பிறகு மீண்டும் மாணவரானார். 1936-ல் சென்னை அரசினர் கலைத் தொழிற் பள்ளியில் சேர்ந்தார்.

ஆனாலும் அந்த அடுப்புக் கேள்வி அவரை விட்டுப் போய்விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, தம் மாணவர்களுக்காக அதே கேள்விக்கு அவர் விடை தேட வேண்டியிருந்தது.

எழும்பூரில் ஒரு பள்ளி

சென்னைக் கலைப் பள்ளி மிகப் பழமையானது. 1850-ல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற டாக்டர் அதைத் தொடங்கினார். எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அது இருக்கிறது. இன்று அதற்கு அரசு கவின் கலைக் கல்லூரி என்று பெயர்.

பணிக்கர் சேர்ந்தபோது அங்கே தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-ல் பதவி ஏற்ற வங்காளத்துக்காரர் அவர். சென்னைக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளிகளின் சிலையைக் காணாதவர் இல்லை. அந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர் இவரே. அதே கடற்கரையில் நடந்து செல்லும் காந்தியடிகளின் சிலையும் இவர் கைவண்ணமே.

அந்த ஆசிரியரிடம் பணிக்கர் படித்தார். 1940-ல் படிப்பு முடிந்தது. விரைவிலேயே அதே பள்ளியில் ஆசிரியராக வேலை கிடைத்தது. தந்தி இலாகாவை விட்ட துணிச்சல் வீண் போகவில்லை.

அவருடைய தொடக்க கால ஓவியங்களில் பளிச்சென்ற வண்ணங்கள் துள்ளின. அவற்றில் வான்கோவின் சாயல் இருப்பதாகக் கலை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. வான்கோ ஹாலந்து நாட்டு ஓவியர். மாதிரியாக உட்காருபவருக்குக் கூலி கொடுக்கக்கூட அவரிடம் பணம் இல்லை. அதனால் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தையே வரைந்தார். அப்படி வரைந்த படங்கள் முப்பதுக்கும் மேல். வறுமைக்காக வரைந்த அந்த முகங்கள் இன்று உலகத்தின் பெரிய காட்சிசாலைகளில் இருக்கின்றன!

கடல் கடந்து ஒரு கேள்வி

1944-ல் பணிக்கரும் நண்பர்களும் சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார்கள். அந்நாளில் சென்னையில் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்ப்பது எளிதல்ல. கச்சேரிக்குக் கூடும் கூட்டம் படம் பார்க்கக் கூடாது. இளம் ஓவியர்களுக்கு ஒருவருக்கொருவர் துணை தேவைப்பட்டது. அந்தத் துணையைச் சங்கம் கொடுத்தது. சென்னை ஓவியர்களின் படங்கள் வெளியூர்களுக்கும் போகத் தொடங்கின.

1954-ல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே புதுமை ஓவியர்களின் படைப்புகளை நேரில் கண்டார். வியந்தார். ஆனால் வியப்போடு ஒரு சங்கடமும் வந்தது.

மேல்நாட்டார் தீட்டுவது போலவே இந்தியரும் தீட்டினால், இந்தியரின் ஓவியம் என்று தனியாக எதைக் காட்டுவது? அது பிறர் முகத்தை ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது போல ஆகிவிடாதா? பழைய அஜந்தா ஓவியத்தை அப்படியே நகல் எடுத்தாலும் போதாது. அது பாட்டனாரின் முகம். பேரனின் முகம் ஆகாது.

தன் முகத்தைத் தானே தேடத்தான் வேண்டும். பணிக்கர் இந்த முடிவோடு ஊர் திரும்பினார்.

எல்லாப் பொருளும் ஓவியப் பொருளே

1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றார். பணிக்கர் பள்ளியின் தலைவரானார். 1967 வரை 10 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தப் பள்ளியில் ஒரு பக்கம் ஓவியமும் சிற்பமும் கற்பித்தார்கள். இன்னொரு பக்கம் உலோக வேலை, மர வேலை, மண்பாண்டம், துணியில் சாயம் ஏற்றுதல் ஆகிய கைத்தொழில்கள் நடந்தன. ஓவியன் மேல், தொழிலாளி கீழ் என்ற எண்ணம் பல இடங்களில் உண்டு. பணிக்கர் அந்தச் சுவரைத் தகர்த்தார். ஓவிய மாணவர்கள் செம்புத் தகட்டைத் தட்டினார்கள், மண்ணைப் பிசைந்தார்கள், துணியில் மெழுகு தீட்டிச் சாயம் போட்டார்கள்.

இதனால் என்ன பயன்? எண்ணெய் வண்ணமும் கான்வாசும் மேல்நாட்டிலிருந்து வந்தவை. செம்புத் தகடோ, கோவிலில் கவசமாகவும் வீட்டில் பாத்திரமாகவும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பொருள். அந்தப் பொருளைத் தொடும்போது மாணவனுக்குத் தன் ஊர் நினைவு வரும். தன் கைக்குப் பழகிய வேலை வரும். பி. வி. ஜானகிராம் என்ற சிற்பி அப்படித்தான் செம்புத் தகடுகளைத் தட்டி வளைத்து உருவங்கள் செய்து புகழ் பெற்றார்.

பணிக்கரின் காலத்தில் அங்கே படித்தவர்கள் பலர் பின்னாளில் பேர் பெற்றார்கள். காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளால் வரைந்த கே. எம். ஆதிமூலம் அவர்களில் ஒருவர். ஒருவர் படம் போல இன்னொருவர் படம் இல்லை என்பதே அந்தக் கூட்டத்தின் பெருமை. ஆசிரியரைப் போலவே மாணவன் வரைந்தால் அது ஆசிரியருக்கு வெற்றி அல்ல.

தொப்பி வைத்த பையன்

அந்த மாணவர்களில் ஒருவர் கதை மனத்தை உருக்குவது. அவர் பெயர் கே. ராமானுஜம். சென்னைப் பையன். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. பேச்சும் சரளமாக வராது. மனநோயும் அவரை வாட்டியது. இப்படிப்பட்ட பிள்ளையை உலகம் எப்படி நடத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதற்கும் உதவாதவன் என்று ஒதுக்கிவிடும்.

பணிக்கர் ஒதுக்கவில்லை. அந்தப் பையனின் கோடுகளைப் பார்த்தார். கலைப் பள்ளியில் இடம் கொடுத்தார். மற்றவர்களைப் போல வரையும்படி அவரை வற்புறுத்தவில்லை.

ராமானுஜம் மையாலும் பேனாவாலும் ஒரு தனி உலகத்தையே படைத்தார். அதில் மாளிகைகள், வளைவு வளைவான வாயில்கள், பறக்கும் தேவதைகள், சுருண்டு நெளியும் பாம்புகள். அம்புலிமாமா கதைப் படங்கள் அவரைக் கவர்ந்ததாகச் சொல்வதுண்டு. அந்த மாயாலோகத்தின் நடுவே ஓர் ஆள் வருவான். தலையில் தொப்பி இருக்கும். தேவதைகள் அவனை வரவேற்பார்கள்.

அந்தத் தொப்பிக்காரன் யார்? ராமானுஜமேதான்! வெளி உலகம் தராத மரியாதையைத் தம் படத்தில் தமக்கே அவர் கொடுத்துக்கொண்டார். கண்ணாடியில் தெரியாத முகம் அது. மனத்துக்குள் இருந்த முகம்.

முப்பதைச் சற்றே தாண்டிய வயதில், 1973-ல் ராமானுஜம் மறைந்தார். அவருடைய படங்கள் மறையவில்லை. இந்தியாவின் சிறந்த கோட்டோவியங்களில் அவை இன்று வைத்து எண்ணப்படுகின்றன. அன்று அந்த ஆசிரியர் அந்தப் பையனை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தால் இவற்றில் எதுவும் கிடைத்திராது.

எழுத்தும் ஒரு சித்திரம்

மாணவர்களைத் தேடச் சொன்னவர் தாமும் தேடிக்கொண்டுதான் இருந்தார். புத்தர், கிறிஸ்து வாழ்க்கைக் காட்சிகளைத் தீட்டியவர், 1963-ஐ ஒட்டி முற்றிலும் புது வழியில் திரும்பினார். சொற்களும் குறிகளும் என்ற பெயரில் வரிசையாகப் பல ஓவியங்கள் தீட்டினார்.

அவற்றில் கணக்குக் குறிகள் வரும். எண்கள் வரும். மலையாள எழுத்துப் போன்ற நெளிவுகள் வரிவரியாக ஓடும். நடுவே சாதகக் கட்டம் போன்ற சதுரங்கள் நிற்கும். ஓரத்தில் ஒரு மீன், ஒரு பறவை. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ஏட்டுச் சுவடி போலத் தோன்றும். கிட்டப் போய்ப் படிக்க முயன்றால் ஒரு சொல்லும் புரியாது!

புரியாதது குறையா? இல்லை. படிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கே அவர் அவற்றைத் தீட்டினார். எழுத்துப் படிக்கக் கற்பதற்கு முன் ஒருவருக்கு அகரம் எப்படித் தெரிந்தது? ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கோடு. அது அழகான சித்திரமாகத்தான் தெரிந்தது. அந்தப் பழைய பார்வையைப் பணிக்கர் திருப்பிக் கொடுத்தார்.

சாதகக் கட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதில் கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனாலும் ஒரு வீட்டில் அதைப் பார்த்ததும் இது இன்னாருடையது என்று சொல்கிறார்கள். முகம் இல்லாமலே ஒரு மனிதரைக் குறிக்கும் படம் அது. மேல்நாட்டில் பிறந்த எந்த ஓவியனுக்கும் எளிதில் தோன்றாத வழி. பணிக்கர் தேடிய முகம் அங்கேதான் அவருக்குக் கிடைத்தது.

கடலோரத்தில் ஒரு கிராமம்

மாணவர்கள் நன்றாக வரைந்தார்கள். படிப்பு முடிந்து வெளியே போனதும் என்ன ஆயிற்று? படம் வாங்க ஆள் இல்லை. பலர் கிடைத்த வேலைக்குப் போனார்கள். தூரிகை மூலையில் கிடந்தது. தந்தி இலாகாவில் தாம் பட்ட பாடு பணிக்கருக்கு மறந்திருக்காது.

அவரும் இளம் ஓவியர்களும் கூடி ஒரு வழி கண்டார்கள். கைத்தொழில் சோறு போடும்; ஓவியம் சுதந்திரமாக வாழும் என்பதே அந்த வழி. அவர்கள் பாத்திக் துணிகள் செய்தார்கள். துணியில் உருகிய மெழுகால் கோலம் தீட்டிச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் கோலம் தெரியும். இப்படிச் செய்த துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் நன்றாக விற்றன.

அந்தப் பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. முதலில் மணலும் கூரைக் குடிசைகளுமே இருந்தன. ஓவியர்களே உழைத்துச் சேர்த்த காசில் ஓவியர்களுக்காக எழுந்த ஊர் அது. உலகம் எங்கிலுமிருந்து கலைஞர்கள் அதைப் பார்க்க வந்தார்கள்.

ராமானுஜமும் அங்கேதான் வாழ்ந்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் அங்கே உலோகச் சிற்பியாகப் புகழ் பெற்று 2017-ல் மறைந்தார். சோழமண்டலம் இன்றும் இருக்கிறது.

1976-ல் லலித கலா அகாதமி தன் உயர்ந்த மரியாதையான ஃபெலோ என்ற சிறப்பைப் பணிக்கருக்கு அளித்தது. 1977 ஜனவரியில், 65-வது வயதில், அவர் சென்னையில் காலமானார். அவருடைய ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் 1979-ல் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது.

கோவைப் பிள்ளைகளின் முகம்

பணிக்கர் கற்பித்தது பெரிய கலைப் பள்ளியில். ஆனால் அவர் காட்டிய வழி சிறிய பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும்.

டிராயிங் வகுப்பு என்றால் பல காலமாக ஒரே வழக்கம் உண்டு. டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுவார். நாற்பது பிள்ளைகளும் அதே மாம்பழத்தைப் போடுவார்கள். நாற்பதும் ஒன்று போல இருந்தால் வகுப்பு நன்றாக நடந்தது என்று பொருள். அந்த வகுப்பில் ஒரு நாள் மாம்பழத்துக்குப் பதில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்தால்? நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது முகம்!

முதலில் கவனித்துப் பார்க்கவே பழக வேண்டும். குழந்தைகள் பெரும்பாலும் கண்களை நெற்றியின் உச்சியில் போட்டுவிடுவார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுப்பாதியில்தான் கண்கள் இருக்கின்றன. விரலால் அளந்து பார்த்தால் பிள்ளைக்கே விளங்கிவிடும்.

பிறகு பொருள்கள். விலை உயர்ந்த வண்ணம் தேவை இல்லை. திருப்பூரில் பனியன் வேஸ்ட் கிடைக்கிறது. பவானியில் ஜமக்காள நூல். ஈரோட்டில் மஞ்சள். பொள்ளாச்சியில் தென்னை நார். கோவை ஆலைகளில் பஞ்சு. பழைய செய்தித்தாள் எல்லா வீட்டிலும் உண்டு. தென்னை நார் முடியாகும், துணித்துண்டு சட்டையாகும், தாளின் எழுத்துகள் நிழலாகும். ஒட்டிய பசை நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம் தீட்டினால் தாள் கிழியாது.

தறிக்காரர் மகள் நூலை ஒட்டுவாள். தோட்டத்துப் பையன் சோளத் தட்டையை ஒட்டுவான். ஒருவன் ராமானுஜத்தைப் போலத் தலையில் தொப்பியும் வைத்துக்கொள்ளலாம். மூக்கு கோணல் என்று ஆசிரியர் சிரித்துவிடாமல் இருந்தால் போதும்.

அந்தப் படத்தைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகும். அம்மா சுவரில் மாட்டுவாள். அங்கே தெரிவது கரும்பலகை மாம்பழம் அல்ல. அந்தப் பிள்ளையின் சொந்த முகம். கோவையில் பிறந்த பணிக்கர் தம் மாணவர்களிடம் வாழ்நாளெல்லாம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.